வீட்டுச் சோப்புக்கு காஸ்டிக் சோடா: வாங்குவது முதல் பாத்திரம் கழுவுவது வரை

சோப்பு போடக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பயப்படுவது ஒரே ஒரு இடத்தில்தான், காஸ்டிக்கைத் தண்ணீரில் கொட்டும் அந்த நிமிடத்தில். அப்போது கண்ணாடி, கையுறை, கவனம் எல்லாமே இருக்கும். புண் வருவது பெரும்பாலும் அதற்கு முன்னாலோ பின்னாலோதான். எடை போடும்போது மேசையில் சிந்திய செதிலின் மேல் முழங்கையை ஊன்றுவார்கள். இல்லையென்றால் எல்லாம் முடிந்தது என்று கையுறையைக் கழற்றிவிட்டு, சோப்புக் கலவை ஒட்டிய பாத்திரத்தை வெறுங்கையால் தேய்ப்பார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை அப்படியே பின்பற்றுங்கள், கலக்குவது அதில் ஒரு படி மட்டும்தான்.

"காஸ்டிக் இல்லாமல் சோப்பு செய்ய முடியாதா?" முடியாது. உருக்கி ஊற்றும் சோப் பேஸ் வாங்கினால், காஸ்டிக்கை வைத்து எண்ணெயைச் சோப்பாக்கும் வேலையை வேறு யாரோ ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

1. கடையில் எதைக் கேட்பது

கட்டிச் சோப்புக்கு வேண்டியது சோடியம் ஹைட்ராக்சைடு, கடைப் பேச்சில் காஸ்டிக் சோடா. திரவச் சோப்புக்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் பொட்டாஷ். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அதே எடையில் போடக்கூடாது. 1 கிராம் காஸ்டிக் சோடா செய்யும் வேலைக்குப் பொட்டாஷ் 1.4 கிராம் வேண்டும். பொட்டாஷ் கணக்குக்குச் சோடாவைப் போட்டால் தோலை அரிக்கும் சோப்பு வரும், மாற்றிப் போட்டால் கட்டியாகவே ஆகாது.

"சோடா" என்று மட்டும் கேட்காதீர்கள். சலவை சோடா, ஆப்ப சோடா, காஸ்டிக் சோடா மூன்றும் வெள்ளையாகத்தான் இருக்கும், முதல் இரண்டை வைத்து எண்ணெயைச் சோப்பாக்க முடியாது. பொட்டலத்தில் 1310-73-2 என்ற எண் இருந்தால் அது சோடியம் ஹைட்ராக்சைடு, 1310-58-3 என்றால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. ஆங்கிலப் பெயர் குழப்பினால் இந்த எண்ணைப் பாருங்கள்.

சிங்க் அடைப்பு நீக்கும் தூளிலும் காஸ்டிக் இருக்கிறதே, மளிகைக் கடையிலேயே கிடைக்கிறதே என்று கேட்பார்கள். வேண்டாம். சிலவற்றில் அலுமினியத் துணுக்குகளும் வேறு சேர்மானங்களும் கலந்திருக்கும். எவ்வளவு காஸ்டிக் என்று தெரியாத பொருளை வைத்துக் கணக்கே போட முடியாது.

சாம்பல் தண்ணீரும் அப்படித்தான். "இயற்கை" என்று ஆசைப்பட்டு விறகுச் சாம்பலை வடிகட்டினால் கிடைப்பதில் பெரும்பகுதி பொட்டாசியம் கார்பனேட். அதன் வலிமை ஒவ்வொரு முறையும் மாறும். முதல் சோப்புக்கு அதைத் தொடவே வேண்டாம்.

2. செதிலா, முத்தா, கரைத்து வைத்த லையா

காஸ்டிக் சோடா நம் ஊரில் பெரும்பாலும் செதிலாக (ஃப்ளேக்ஸ்) கிடைக்கும். 98 சதவீதத்துக்கு மேல் சுத்தம் என்று போட்டிருந்தால் போதும். ஆய்வுக்கூடத் தரத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. செதிலின் குறை, அது எடை குறைந்த தட்டைத் துண்டு என்பதால் காற்றில் பறக்கும், உடைந்து தூளாகும். முத்துபோல் வரும் வகை (பெல்லட்ஸ்) சிந்தினால் உருண்டு ஓடும், ஆனால் தூசி கிளப்பாது. கிடைத்தால் முத்தையே எடுங்கள். ஆனால் அது பார்க்க அப்படியே ஜவ்வரிசி, 3-ஆம் படியில் சொல்வதைக் கட்டாயம் செய்யுங்கள்.

சோப்பு மூலப்பொருள் கடைகளில் லையை, அதாவது தண்ணீரில் ஏற்கெனவே கரைத்த காஸ்டிக்கை, கேனில் விற்பார்கள். தொடங்குகிறவர்களுக்கு இது வசதி என்று கடைக்காரர் சொல்வார். என் கருத்து வேறு. அதில் 100 கிராமுக்கு எத்தனை கிராம் காஸ்டிக் என்று எழுத்தில் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள். "இத்தனை எண்ணெய்க்கு இவ்வளவு ஊற்றுங்கள்" என்று வாய்க்கணக்கு சொன்னால், அது அவர் மனதில் வைத்திருக்கும் எண்ணெய்க்கான கணக்கு, உங்கள் எண்ணெய்க்கானது இல்லை.

வாங்கும்போது பொட்டலத்தை லேசாகக் குலுக்கிப் பாருங்கள். செதில்கள் தனித்தனியாக ஓட வேண்டும். கட்டிபட்டோ மேலே மாவுபோல் படிந்தோ இருந்தால் அது ஈரத்தையும் காற்றில் உள்ள கரியமில வாயுவையும் இழுத்திருக்கிறது. அதில் ஒரு பங்கு சலவை சோடாவாகவே மாறியிருக்கும். அந்தக் காஸ்டிக்கில் 100 கிராம் நிறுத்தாலும் உள்ளே வேலை செய்வது 100 கிராம் இல்லை. 50 கிலோ சாக்கிலிருந்து அள்ளி மெல்லிய பாலிதீன் பையில் கட்டித் தரும் கடைகளில் இந்தத் தொல்லை அதிகம்.

3. வீட்டுக்கு வந்ததும் எங்கே வைப்பது

வந்த அன்றே தடித்த, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்று இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் வகை (எண் 1) காஸ்டிக்குக்குத் தாங்காது. அலுமினிய டப்பா கூடவே கூடாது.

பெயரைத் தமிழில், பெரிய எழுத்தில், அழியாத மையில் எழுதுங்கள், "விஷம், தொடாதே" என்பதையும் சேர்த்து. வீட்டில் படிக்கத் தெரியாத சின்னப் பிள்ளையோ வேலைக்கு வரும் அக்காவோ இருந்தால் மண்டை ஓடு படமும் வரையுங்கள். வைக்கும் இடம் பூட்டுள்ள, உயரமான அலமாரி. சமையலறை அலமாரி மட்டும் வேண்டாம், அங்கே யாராவது அவசரத்தில் வேறெதையோ தேடித் திறப்பார்கள். டாய்லெட் கழுவும் ஆசிட் பக்கத்திலும் வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் கொதித்துத் தெறிக்கும்.

கரைத்த லையைக் குளிர்பான பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைப்பதுதான் இந்த வேலையிலேயே மிகப் பெரிய ஆபத்து. ஆறிய லை தண்ணீர் மாதிரியே இருக்கும், அந்தப் பாட்டிலைப் பார்த்தால் தாகம் எடுத்தவர் குடிக்கத்தான் செய்வார்.

4. பாத்திரங்களை ஒதுக்குங்கள்

எவர்சில்வர் பாத்திரம், அல்லது 5 எண் போட்ட பாலிபுரொப்பிலீன் ஜக். இந்த இரண்டைத் தவிர வேறெதிலும் லை கரைக்காதீர்கள்.

அலுமினியம் காஸ்டிக்கில் கரையும், கரையும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அது தீப்பற்றக்கூடியது. இட்லிப் பானை, பழைய குக்கர் எல்லாம் பெரும்பாலும் அலுமினியம்தான். நான்ஸ்டிக் வாணலியும் மேல்பூச்சுக்குக் கீழே பெரும்பாலும் அதுவே. துத்தநாகம் பூசிய தகர வாளி, ஈயம் பூசிய பித்தளை இரண்டும் ஆகாது. கண்ணாடி ஜாடியில் கரைப்பதைப் பலர் காட்டுகிறார்கள். காஸ்டிக் கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, ஒருநாள் சூட்டில் பட்டென்று விரிசல் விட வைக்கும், அது எந்த நாள் என்று முன்கூட்டித் தெரியாது.

கரண்டி எவர்சில்வர் அல்லது சிலிக்கான். மரக்கரண்டி நார் நாராகப் பிரியும். ஹேண்ட் பிளெண்டரின் தண்டு என்ன உலோகம் என்றும் பார்த்துவிடுங்கள்.

குடிக்கும் தண்ணீருக்குப் பயன்படும் சொம்பையோ ஜக்கையோ எடுக்கவே எடுக்காதீர்கள். பாத்திரம் கெட்டுவிடும் என்பதற்காகச் சொல்லவில்லை. வீட்டில் உள்ளவர்கள் அந்தச் சொம்பைப் பார்த்ததும் தண்ணீர் என்றுதான் நினைப்பார்கள்.

5. உடம்பில் என்ன, பக்கத்தில் என்ன

முதல் முக்கியம் கண். பக்கவாட்டிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும், பார்வைக் கண்ணாடி அதற்கு ஈடாகாது. கான்டாக்ட் லென்ஸ் போடாதீர்கள். கைக்கு முழங்கை பக்கம் வரை வரும் ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறை. முழுக்கை பருத்திச் சட்டை, மூடிய செருப்பு. பட்டும் கம்பளியும் லையில் கரைந்தே போகும். சேலை முந்தானை, துப்பட்டா இரண்டையும் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள், அல்லது அன்றைக்கு வேறு உடை போடுங்கள். துணி மாஸ்க் லையின் நெடியைத் தடுக்காது, ஜன்னல்தான் தடுக்கும்.

அப்புறம், குழாயைத் திறந்து பாருங்கள். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் தொடங்கவே கூடாது. மோட்டார் போடும் நேரத்தில் மின்வெட்டு என்றால், கையில் லை பட்டபிறகு அதைக் கண்டுபிடிப்பது நல்லதல்ல. தொட்டி நிறைந்திருந்தாலும் ஒரு வாளித் தண்ணீரும் மக்கும் பக்கத்தில் இருக்கட்டும்.

பிள்ளைகள், நாய், பூனை வெளியே. போன் சைலன்டில்.

6. பட்டுவிட்டால் என்ன செய்வது (கலக்கும் முன் படித்து வையுங்கள்)

தோலில் பட்டதும் எரியும் என்று காத்திருக்காதீர்கள். முதல் அறிகுறி வழுவழுப்பு, தோலின் எண்ணெயே சோப்பாகிக்கொண்டிருக்கிறது. உலர்ந்த செதில் என்றால் முதலில் தட்டிவிட்டு, உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் காட்டுங்கள். நனைந்த துணியைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள், துணியோடு கழுவினால் அது லையைத் தோலோடு ஒட்டியே வைத்திருக்கும்.

வினிகர், எலுமிச்சை எதையும் தோலில் ஊற்றாதீர்கள். அமிலமும் காரமும் சேரும்போது சூடு பிறக்கும், ஏற்கெனவே வெந்த இடத்தில் அதுவும் சேரும். தண்ணீருக்குப் பதிலாக வினிகர் பாட்டிலைத் தேடும் நேரமும் வீண். பற்பசை, மஞ்சள், மை தடவுவதும் வேண்டாம்.

கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து, அரைமணி நேரமாவது விடாமல் தண்ணீர் ஓட விடுங்கள். கூட இருப்பவர் வண்டி ஏற்பாடு செய்யட்டும், கழுவி முடித்ததும் நேராகக் கண் மருத்துவமனை. காரம் கண்ணுக்குள் ஆழமாக இறங்கிக்கொண்டே போகும், எரிச்சல் குறைந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடச் சொல்லும் பெரியவர்கள் இருப்பார்கள். அன்போடு மறுத்துவிடுங்கள்.

யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போகும்போது சுட்ட தொண்டையைத் திரும்பி வரும்போது இன்னொரு முறை சுடும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, 108-ஐ அழைத்து, பொட்டலத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.

7. கணக்கு

புதிதாக வருபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஒவ்வோர் எண்ணெய்க்கும் வேண்டிய காஸ்டிக் அளவு வேறு. 1 கிராம் தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 0.183 கிராம், தவிட்டு எண்ணெய்க்கு 0.133, விளக்கெண்ணெய்க்கு 0.128.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தேங்காய் எண்ணெய் 200 கிராம், தவிட்டு எண்ணெய் 250, விளக்கெண்ணெய் 50. முறையே 36.6 + 33.25 + 6.4, மொத்தம் 76.25 கிராம் காஸ்டிக். இது எண்ணெய் முழுவதையும் தின்றுவிடும் அளவு. அதனால் 5 சதவீதம் குறைத்து 72 கிராம் எடுக்கிறோம். மீதமாகும் கொஞ்சம் எண்ணெய்தான் நமக்குப் பாதுகாப்பு, சோப்பும் தோலை வறட்டாது. இந்தக் குறைப்பை சூப்பர்ஃபேட் என்பார்கள். தண்ணீர் காஸ்டிக்கைப் போல இரு மடங்கு, 144 கிராம்.

தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அந்த 200-க்கும் தவிட்டு எண்ணெயையே ஊற்றினால் என்ன ஆகும்? தேவை 66 கிராமாகக் குறைந்துவிட்டது, நீங்கள் போட்டதோ 72. அந்த 6 கிராம் சோப்பிலேயே தங்கி, குளிப்பவர் மேல் வேலை செய்யும். எண்ணெய் மாறினால் கணக்கை முதலிலிருந்து போடுங்கள். இணையத்தில் இலவச லை கணிப்பான்கள் நிறைய இருக்கின்றன, யாரோ தந்த செய்முறையையும் அதில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

இன்னொரு பொறி: லிட்டர். 1 லிட்டர் எண்ணெய் 1 கிலோ இல்லை, பெரும்பாலும் 910 முதல் 920 கிராம் வரைதான். பாக்கெட்டின் பின்னாலேயே எடை அச்சிட்டிருக்கும். அரை லிட்டர் பாக்கெட்டை 500 கிராம் என்று எடுத்தவருக்கு எண்ணெய் 8 சதவீதம் குறைகிறது, அவர் பாதுகாப்புக்கு விட்ட 5 சதவீதம் அதிலேயே போய்விட்டது. எண்ணெய், தண்ணீர், காஸ்டிக் மூன்றையும் கிராமில் நிறுங்கள். கப், ஸ்பூன் பேச்சே வேண்டாம், செதிலும் முத்தும் ஒரே கப்பில் ஒரே எடை வராது.

பொட்டாஷ் என்றால் அதன் சுத்தம் பெரும்பாலும் 90 சதவீதம் அல்லது அதற்கும் கீழேதான், கணிப்பானில் அதைக் குறிப்பிட மறக்காதீர்கள்.

8. எடை போடும் வரிசை

முதலில் எண்ணெய்களை நிறுத்து ஓரமாக வையுங்கள். அடுத்து, கரைக்கும் ஜக்கில் தண்ணீர். காஸ்டிக் கடைசி. அதைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தால் ஈரக்காற்றில், அதுவும் கடலோர ஊர்களில், சில நிமிடங்களிலேயே செதில்கள் பளபளத்து ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும்.

தண்ணீர் ஆர்.ஓ. அல்லது டிஸ்டில்டு. போர் தண்ணீரின் உப்புகள் சோப்போடு சேர்ந்து நுரையைக் கெடுக்கும். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கினால் லேபிளை இரண்டு முறை படியுங்கள். அதே மாதிரிக் கேனில் பேட்டரி ஆசிட்டும் அங்கேயே விற்கிறார்கள்.

சின்ன, உலர்ந்த பிளாஸ்டிக் கிண்ணத்தில் காஸ்டிக்கை நிறுங்கள். அதற்கு முன்பே கையுறை மாட்டியிருக்க வேண்டும், கலக்கும்போது மாட்டிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். மின்விசிறி அணைந்திருக்கட்டும். தராசுக்கு அடியில் செய்தித்தாள் விரித்தால் சிந்தியதை அப்படியே மடித்து எடுத்துவிடலாம். டப்பாவை மூடி, பூட்டி வைத்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

9. கரைப்பது

தண்ணீரில்தான் காஸ்டிக். காஸ்டிக்கின் மேல் தண்ணீர் ஒருபோதும் இல்லை. செதில்மேல் தண்ணீர் ஊற்றினால் மேற்பகுதி ஓடுபோல் இறுகி, அடியில் சூடு சேர்ந்து, கொதித்து முகத்துக்கே பீச்சும்.

ஜக்கைச் சிங்குக்குள்ளோ குளிர்ந்த தண்ணீர் உள்ள டப்பிலோ வையுங்கள், கவிழ்ந்தாலும் மேசையில் ஓடாது. காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, தூவியதும் கிளறுங்கள். மொத்தமாகக் கொட்டிவிட்டுக் கிளறாமல் நின்றால் அடியில் கல்லாக இறுகிவிடும். இறுகினால் குத்தி உடைக்க வேண்டாம், பொறுமையாகக் கிளறிக்கொண்டே இருந்தால் கரையும்.

சூடு 90 டிகிரி பக்கம் வரை போகும், ஆவி எழும். அந்த ஆவியில் நுண்ணிய லைத் துளிகள் இருக்கும். தலையை ஜக்குக்கு மேலே நீட்டிப் பார்க்காமல், கை நீளத் தூரத்தில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள். மொட்டை மாடி நல்ல இடம்தான், ஆனால் பலத்த காற்றில் செதில் பறக்கும். தண்ணீரை முன்பே ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் ஆவி பாதியாவது அடங்கும்.

சம எடைக்குக் குறைவாகத் தண்ணீர் எடுத்தால் காஸ்டிக் முழுவதும் கரையாது, கரையாத துகள் சோப்பில் வெள்ளைப் புள்ளியாக நின்று தோலைச் சுடும். தொடக்கத்தில் இரு மடங்கிலேயே இருங்கள். தண்ணீருக்குப் பதில் பால், கற்றாழைச் சாறு இதெல்லாம் சர்க்கரையால் கருகி நாறும். நாலைந்து முறை வெறும் தண்ணீரில் போட்டுக் கை பழகியபின் பார்க்கலாம்.

10. ஆற வைக்கும் நேரம்

முதலில் கலங்கலாக இருக்கும் லை மெல்லத் தெளியும். தெளிந்ததும் யாருக்கும் அது தண்ணீர்தான். ஜக்கை மூடி, "லை" என்று எழுதி ஒட்டி, அந்த அறையிலேயே இருங்கள். கண்ணாடியைக் கழற்றாதீர்கள். 40 டிகிரி பக்கம் வந்ததும் எண்ணெயில் சேர்க்கலாம். அவசரப்பட்டுச் சூடாகவே ஊற்றினால் கலவை சட்டென்று இறுகி, மோல்டில் ஊற்றுவதற்குள் கையை மீறிப்போகும்.

11. எண்ணெயில் சேர்த்த பிறகும் அது லைதான்

ஹேண்ட் பிளெண்டரைக் கலவைக்குள் முழுகவிட்டு, அதன்பிறகுதான் ஓட விடுங்கள். பாதி வெளியே இருக்கும்போது சுவிட்சைப் போட்டால் முகத்தில் தெறிக்கும்.

கஸ்டர்டு மாதிரித் திரண்டுவிட்டது, வாசனையும் போட்டாகிவிட்டது, இனி சோப்புதானே என்று விரலால் வழித்துப் பார்ப்பார்கள். இல்லை. ஓரிரு நாள் வரை உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். மோல்டிலிருந்து எடுக்கும்போதும் வெட்டும்போதும் கையுறை இருக்கட்டும்.

12. கழுவுவது

கையுறையும் கண்ணாடியும் இருந்தபடியே, ஒட்டிய கலவையைப் பழைய துணியால் துடைத்தெடுத்து, அந்தத் துணியையும் பாத்திரங்களையும் ஒரு நாள் தனியாக மூடி வையுங்கள். மறுநாள் அது சோப்பாகவே மாறியிருக்கும், சாதாரணமாகக் கழுவலாம். இந்த ஒரு பழக்கமே பாதிக் காயங்களைத் தவிர்க்கும். லை கரைத்த ஜக்கை மட்டும் அன்றே நிறையத் தண்ணீர்விட்டு அலசுங்கள். வேலைக்கு வருபவரிடம் எதையும் விட்டுவிடாதீர்கள்.

தரையில் செதில் சிந்தியிருந்தால் ஈரத்துணி போடாமல் உலர்ந்த துடைப்பத்தால் கூட்டி எடுத்துவிட்டு, பிறகு தண்ணீர். லை சிந்தியிருந்தால் பழைய துணியால் ஒற்றி எடுத்து, நன்றாக அலசி, கடைசியாக டைல்ஸ் தரை என்றால் கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரில் துடைக்கலாம். வினிகருக்கு இதில் இருக்கும் ஒரே வேலை இதுதான்.

கையுறையை வெளிப்பக்கம் கழுவிவிட்டுக் கழற்றுங்கள். கண்ணாடி அதற்கும் பிறகு.

13. சோப்பில் காஸ்டிக் மிஞ்சியிருந்தால்

வெட்டும்போது உள்ளே வெள்ளைப் படிகப் பொட்டுகளோ, கசியும் தெளிந்த திரவமோ இருந்தால் அந்தத் தொகுதியை உடம்புக்குப் போடாதீர்கள். சோப்பின் மேல்பக்கம் மட்டும் சாம்பல் பூத்தது போல் இருந்தால் பெரும்பாலும் அது சலவை சோடாப் படிவு, சீவி எறிந்தால் போதும். சந்தேகமாக இருந்தால் கணக்கைத் திரும்பப் போடுங்கள். எண்ணெய் எடை, பாக்கெட் லிட்டரா கிராமா, எந்த எண்ணெய்க்குப் பதில் எது என்று பார்த்தால் பெரும்பாலும் ஏதாவது ஒன்றில் பிடிபடும். எவ்வளவு எண்ணெய் குறைந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் சோப்பைச் சீவி, அந்த எண்ணெயையும் கொஞ்சம் தண்ணீரையும் சேர்த்து எவர்சில்வர் பாத்திரத்தில் மெல்லிய சூட்டில் கிளறித் திரும்ப ஊற்றலாம். தெரியாவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள், 500 கிராம் எண்ணெய்தான்.